பிஸ்டன் பூச்சுக்கு 16,000 ரூபாய்: காரைக்குடிப் பக்கம் என்ஜின் பிரிப்பவர்கள் கவனத்திற்கு

அப்பச்சி ஓட்டிய அம்பாசிடர் எங்கள் வீட்டில் இன்னும் நிற்கிறது. 1489 சிசி பெட்ரோல் என்ஜின். ஆயில் குடித்து நீலப் புகை கக்கத் தொடங்கியதும் போன தை மாதம் காரைக்குடியில் ஒரு பட்டறையில் விட்டேன். ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதாகப் பேச்சு. அதோடு நின்றிருக்கலாம். "அண்ணே, ஸ்கர்ட்டில் மாலி கோட்டிங், தலையில் செராமிக் கோட்டிங் அடித்துவிட்டால் உராய்வே இருக்காது, லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடும்" என்றார் பட்டறைக்காரர். ஸ்கர்ட் என்பது பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர், தலை என்பது பிஸ்டனின் மேல்முகம், மாலி என்பது மாலிப்டினம். நான்கு பிஸ்டனுக்கு 16,000 ரூபாய். ஆசை யாரை விட்டது? கொடுத்தேன். ரசீதும் கேட்கவில்லை. நாட்காட்டித் தாளின் பின்புறம் கணக்கு எழுதித் தந்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

700 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. குன்றக்குடி மலை கண்ணில் படுகிற இடத்தில் ஆயில் விளக்கு எரிந்தது. ஓரம்கட்டுவதற்குள் அடியிலிருந்து இரும்பைத் தட்டும் சத்தம். கயிறு கட்டி இழுத்துவந்தோம்.

இம்முறை வேறு மெக்கானிக், என் கண்முன்னால் பிரித்தார். என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றியதும், ஆயில் உறிஞ்சும் வலையில் மீன் ஆய்ந்த இடம் போலக் கறுப்புச் செதில்கள் அப்பிக் கிடந்தன. ஆயில் போகாமல் பேரிங் தேய்ந்து, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கில் கோடு விழுந்திருந்தது. ஒரு பிஸ்டனைத் துடைத்து என் கையில் கொடுத்தார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன், பூச்சு சுருண்டு வந்தது. துணியில் தின்னர் தொட்டுத் தேய்த்ததும் மிச்சமும் போய் வெறும் அலுமினியம் பளபளத்தது. சைலன்சருக்கு அடிக்கும் ஸ்பிரே பெயிண்ட் என்றார் அவர். பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காரும் பள்ளத்திலும் அதையே அடித்திருந்ததால் ரிங் அசையவே இல்லை.

பூச்சு என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இன்றைய பல கார்களில் கம்பெனியே கறுப்புப் பூச்சுள்ள பிஸ்டனைத்தான் போடுகிறது. மாலிப்டினம் டைசல்ஃபைடு, கிராஃபைட் போன்றவற்றை ரெசினில் கலந்து பூசி, அடுப்பில் சுட்டு இறுகவைப்பது அது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது, ஆயில் வந்து சேருமுன் பிஸ்டன் சுவரில் உரசிக் கீறாமல் காப்பது அதன் வேலை. மைலேஜை அள்ளிக் கொடுக்காது. தலையில் பூசும் செராமிக் வெப்பத்தைத் தடுப்பதற்கு, கோவிலுக்கும் சந்தைக்கும் போகிற அம்பாசிடருக்கு அது எதற்கு?

பூசுமுன் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, நுண்ணிய துகள் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, ரிங் பள்ளத்தையும், பிஸ்டனைக் கோக்கும் பின் (pin) நுழையும் துளையையும் மறைத்துக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரின் முட்டை வெள்ளைக்கருப் பூச்சு இன்றும் மின்னுவது அடியில் கொத்தனார் அடுக்கடுக்காகப் பூசிய சுண்ணாம்பால்தான். அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்த நான் இதில் ஏமாந்தேன் என்பதுதான் எரிச்சல்.

அளவு இன்னொரு சங்கதி. பூச்சின் கனம் பொதுவாக 10 முதல் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). இரண்டு பக்கமும் சேர்ந்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளியில் 40 மைக்ரான் வரை போய்விடலாம். ஆகவே பிஸ்டனைப் பூச்சுக்கு முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரில் அளந்து, எந்த அளவுக்கு ஹோனிங் செய்வது (சிலிண்டர் சுவரைத் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவருவது) என்று லேத்காரரோடு முதலிலேயே பேசிவிட வேண்டும். என் வண்டியில் ரீபோர் முடிந்து வந்தபிறகு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கோட்டிங் செய்வதாகச் சொன்னால், சுடும் அடுப்பு எங்கே என்று கேளுங்கள். பூட்டுமுன் ஒரு பிஸ்டனை வாங்கித் தின்னர் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒழுங்காகச் சுட்ட பூச்சு அப்படி வழிந்து வராது.

பட்டறைக்காரரிடம் போனேன். "நீங்கள் ஊற்றிய ஆயில் சரியில்லை" என்றார். அந்த ஆயிலை ஊற்றியதே அவர்தான். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்றால் (2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை) என் கையில் இருப்பது கையெழுத்தில்லாத அந்த நாட்காட்டித் தாள் மட்டும். இருந்தாலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு பிஸ்டன்களும் தகரப் பெட்டியில் இருக்கின்றன, நேரில் வருபவர்களுக்குக் காட்டுகிறேன்.