கிட்டார் பிரேஸ் ஒட்டக் கொடுப்பவர்கள் பசையின் பெயரை முதலில் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாக சாட்ஸ்வொர்த் பக்கம், கையால் செய்த அகூஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தமிழ் ஆயா சொல்லிக்கொடுத்த தமிழ்.

கிட்டார் என் மாமா செய்தது. நாற்காலி, அலமாரி செய்யும் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு செய்த இரண்டாவது கிட்டார் அது. மேல்பலகை ஸ்புரூஸ். முதுகும் பக்கங்களும் கியாட், அதாவது இந்தியாவில் இருக்கிற வேங்கைக்குச் சொந்தக்கார மரம். உள்ளே பலகையைத் தாங்கும் மரச்சட்டங்கள், அதாவது பிரேஸ், எல்லாவற்றையும் வஜ்ஜிரம் (மாட்டுத்தோல் பசை) காய்ச்சித்தான் ஒட்டினார். கோயில் பஜனைக்குப் பதினோரு வருஷமாக அதைத்தான் வாசிக்கிறேன்.

தப்பு என் பக்கம்தான் ஆரம்பித்தது. போன ஜூனில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு கல்யாணம். கிட்டாரைக் கொண்டுபோய், இரண்டு வாரம் ஹீட்டர் ஓடும் அறையில், பெட்டியில்கூட வைக்காமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். ஜூன் இங்கே குளிர்காலம். அங்கே அப்போது மழை அபூர்வம், காற்று வறண்டு உதடு வெடிக்கும். அந்தக் காற்றில் மேல்பலகை குறுக்குவாட்டில் சுருங்கும். அதன் அடியில் சாய்வாக ஓடும் பிரேஸ் நீளவாட்டில் சுருங்காது. ஒன்று இழுக்க, இன்னொன்று அசையாமல் நிற்க, நடுவில் மாட்டிக்கொண்ட பசைதான் விடும்.

வீடு திரும்பியதும் ஏ கம்பியைத் தட்டினால் தகர டப்பாவில் வண்டு மாட்டிய மாதிரி ஒரு கிர்ர். விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் ‘டொம்’, பிரிட்ஜுக்கு (கம்பிகளைப் பலகையோடு பிடித்திருக்கும் கட்டை) பின்னால் மட்டும் ‘டப்’. கம்பிகளைத் தளர்த்தி, ஒலித்துளைக்குள் போனை விட்டு விளக்கைப் போட்டு வீடியோ எடுத்தேன். எக்ஸ் பிரேஸின் ஒரு கால் நுனியில் நாலு அங்குலத்துக்கு எழும்பியிருந்தது. ரசீதுத் தாளை வளைத்து உள்ளே விட்டேன், இடுக்கில் சுலபமாகப் போனது.

இவ்வளவு பார்க்கத் தெரிந்தவன் கடையில் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த ஆள் கிட்டாரை இரண்டு தட்டு தட்டினார். “பிரேஸ் லூஸ், பாஸ். மூணு நாள். ஆயிரத்து எண்ணூறு.” உள்ளே கண்ணாடி விட்டுப் பார்க்கவில்லை. என்ன பசை என்று நான் கேட்கவில்லை. எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. ரொக்கமாகக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வாங்கும்போது கிர்ர் இல்லை. சந்தோஷமாக வந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு தள்ள ஆரம்பித்தது. கம்பி உயர்ந்து விரல் வலித்தது, கிர்ரும் திரும்பி வந்தது. மறுபடி போனை உள்ளே விட்டேன். மெழுகுவர்த்தி உருகி வழிந்த மாதிரி பளபளவென்று பசை, சுற்றிலும் வெள்ளைப் பூச்சு. சூப்பர் குளூ. பழைய வஜ்ஜிரத்தைச் சுரண்டவில்லை, கிளாம்ப் போடவில்லை. பிரேஸை அழுத்திப் பலகையோடு சேர்க்காமல், எழும்பிய நிலையிலேயே இடுக்கை நிரப்பியிருக்கிறார்.

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “டர்பன் ஈரம், பாஸ். அதோட இது பிராண்டட் கிட்டார் இல்ல, கையில செஞ்சது. பிரேஸே சரியா ஒட்டியிருக்க மாட்டாங்க” என்றார். மாமா செத்து நாலு வருஷம் ஆகிறது. பதில் சொல்ல அவர் இல்லை என்று தெரிந்து சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

கடைசியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, வீட்டிலேயே வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தப் பதிவே எழுதுகிறேன். வஜ்ஜிரம் விட்டுப்போவது பெரிய விஷயமே இல்லையாம். வெந்நீரும் சூடும் காட்டினால் இளகும், துடைத்துவிட்டுப் புதிதாக ஒட்டி இறுக்கினால் முடிந்தது. சூப்பர் குளூ ஸ்புரூஸ் நாருக்குள் இறங்கிவிட்டால் அதன்மேல் வஜ்ஜிரமும் பிடிக்காது, கோல்ட் குளூவும் (ஊரில் ஃபெவிகால் என்பீர்களே, அந்த வகை) பிடிக்காது. வெறும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். நாலு அங்குல ஒலித்துளைக்குள் கையை விட்டு, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பலகையை ஓட்டை போடாமல் சுரண்டுவது என்றால் நினைத்துப் பாருங்கள். பிரேஸ் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு சேர்த்தார். ஏழு வாரம், 4,500 ரேண்ட்.

அவர் செய்த விதத்தையும் சொல்கிறேன், உங்கள் ஆள் இப்படிச் செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் கிட்டாரைத் தொடவே இல்லை. கம்பியைக் கழற்றி, 45-லிருந்து 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து, மரம் தன் வடிவத்துக்கு வரட்டும் என்று விட்டார். பிறகு பசை இல்லாமலேயே ஒருமுறை கிளாம்ப் போட்டு, இடுக்கு முழுசாக மூடுகிறதா என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் மெல்லிய கத்தியால் சூடான வஜ்ஜிரத்தை உள்ளே தள்ளி இறுக்கி, பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்து, ஒரு முழு நாள் விட்டார். எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். அரைகுறையாகக் காய்ந்த பசை அதைத் தாங்காது.

பணம்? 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு சேவை தரமாக இருக்க வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், அல்லது பணத்தில் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். முதலில் எடுத்த வீடியோ, பிறகு எடுத்த வீடியோ இரண்டையும் இணைத்துக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. வக்கீல் வேண்டாத சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன் என்று இன்னொரு கடிதம் போட்டதும் ஆயிரம் ரேண்ட் வந்தது. ரசீது இருந்திருந்தால் மீதிக்கும் நின்றிருப்பேன். வீடியோவில் தேதி இருந்ததால் இதாவது கிடைத்தது. கொடுக்கும் முன் உள்ளே படம் எடுத்துவிடுங்கள், வாங்கும்போது கடையிலேயே இன்னொரு முறை எடுங்கள், பணத்தை அதன் பிறகு நீட்டுங்கள்.

கிட்டார் இப்போது சரியாக இருக்கிறது, புரட்டாசி பஜனைக்கு வந்துவிடும். ஒன்று மட்டும் பாக்கி. அந்த ஆள் பசைக்குழாயை உள்ளே விடும்போது ஒலித்துளை விளிம்பில் ஒரு சொட்டு விழுந்து லாக்கர் பூச்சை மங்கவைத்திருக்கிறது, ஐந்து காசு அளவுக்கு. லாக்கரைச் சுரண்டாமல் அதை எடுக்கும் வழி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அசிட்டோன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது லாக்கரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.