பழைய கழிவுநீர் நிலையம்: இடித்துக் கட்டுவதா, இருக்கும் தொட்டியைத் தேற்றுவதா?

கொழும்பின் கழிவுநீர் என்றால் மாதம்பிட்டிப் பம்பு நிலையமும், முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் குழாய்களும்தான் பலருக்கு ஞாபகம் வரும். மாநகரத்துக்கு வெளியே கதை வேறு. ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கத்தில் ஒரு குடியிருப்புத் திட்டத்தின் பின்னால் பழைய சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருந்தால், அதன் தண்ணீர் கடைசியில் சேருமிடம் களனி கங்கை. கீழே அம்பத்தலையில் அதே கங்கையிலிருந்துதான் நமக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள்.

இப்படியான நிலையங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: காற்றூதும் ஒரு தொட்டி, சேறு படியும் ஒரு தொட்டி, காற்றடிக்க ஓயாமல் இரைகிற புளோவர் ஒன்று. கெட்டுப்போகும் விதமும் ஒன்றுதான். மழை கொட்டும்போது வெடித்த குழாய் மூட்டுகள் வழியாகவும், யாரோ களவாகத் தொடுத்துவிட்ட கூரைப் பீலி வழியாகவும் வெள்ளம் உள்ளே வரும். படியும் தொட்டியில் சேறு மேலெழும்பி, மண்ணிற நுரையோடு விளிம்பைத் தாண்டி ஓடும். அழுக்கைத் தின்று வேலை செய்யும் பக்டீரியாவும் அதோடு போய்விடும். அது மறுபடி வளர வாரக்கணக்காகும்.

ஆகவே இதற்குப் பதிலாக ஒரு புது முறையை விற்க வருபவரிடம் நான் கேட்பது மூன்று விஷயம்: மழைக்கு நிற்குமா, கரண்ட் போனால் என்ன, இதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எல்லோரும் காட்டுவது நுண்துளைச் சவ்வால் தண்ணீரை வடிக்கும் மென்சவ்வு முறை, அதாவது எம்.பி.ஆர். வெளிவரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க பக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஒட்சிசன்) வரம்பு லீற்றருக்கு 30 மில்லிகிராம். ஒழுங்காக ஓடும் எம்.பி.ஆர். 5க்குக் கீழேயே நிற்கும். இடமும் குறைவு, படியும் தொட்டியே தேவையில்லை. ஆனால் சவ்வு ஒரு அளவுக்கு மேல் தண்ணீரை விடாது. மழை வெள்ளத்தை முன்னாலேயே தேக்கிவைக்கத் தனித்தொட்டி இல்லையென்றால் நிலையம் திணறும். தலைமயிர் சிக்காமல் இருக்க 1 அல்லது 2 மில்லிமீற்றர் சல்லடை வேண்டும். சவ்வைச் சில ஆண்டுகளுக்கொரு முறை டொலர் கொடுத்து மாற்ற வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல், ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லாமல் இருந்த நாட்டில் இதைச் சின்ன விஷயமாக எடுக்க முடியாது. குடிநீர் எடுக்கும் இடத்துக்குச் சற்று மேலே தண்ணீர் விழுகிறதென்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

எஸ்.பி.ஆர். ஒரே தொட்டியில் நிரப்பி, காற்றூதி, படியவிட்டு, மேல் தண்ணீரை இறக்கும் முறை. புதுசு என்று விற்கிறார்கள். மூலம் 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லொக்கெற்றும் செய்து காட்டியதுதான். நல்ல முறை, ஆனால் ஒன்று படியும்போது மற்றது நிரம்பக் குறைந்தது இரண்டு சமமான தொட்டிகள் வேண்டும், பழைய நிலையத்தில் அது கிடைப்பதில்லை. எல்லாமே கட்டுப்பாட்டுப் பலகையின் சொற்படி நடப்பதால், ஏப்ரல் இடி மின்னலில் அது கருகினால் நிலையமே நின்றுவிடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: இருக்கும் காற்றுத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் வில்லைகளைப் போடுவது. ஐந்து ரூபாய்க் குற்றியளவு, உள்ளே குறுக்குச் சுவர்கள். ஒரு கனமீற்றர் வில்லையில் பக்டீரியா ஒட்ட ஏறக்குறைய 500 சதுரமீற்றர் இடம் உண்டு. தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு வரை போடலாம். ஒட்டிய பக்டீரியா மழையில் அடித்துப்போகாது, கரண்ட் வந்ததும் சீக்கிரம் தேறும். காற்றுத் தொட்டியின் கொங்கிரீட்டைத் தொட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியவையும் உண்டு. வெளிவாயிலில் வில்லை தப்பாத வலை வேண்டும், முன்னால் நல்ல சல்லடை வேண்டும். இல்லையென்றால் சிலி சிலி பை வலையில் சுற்றி, தொட்டி பொங்கும். புளோவரும் பெரிதாக வேண்டும்: 30 பாகைச் சூட்டில் தண்ணீரில் கரையும் ஒட்சிசன் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம்தான், குளிர்நாட்டுக் கணக்கு இங்கே உதவாது. படியும் தொட்டியையும் திருத்தியே ஆக வேண்டும்.

காணி இருந்தால் நாணல் படுக்கை. சம்பு, கல்வாழை நட்ட சரளைப் பாத்தி, கிட்டத்தட்ட கரண்டே வேண்டாம். ஆளுக்கு ஒன்றரைச் சதுரமீற்றர் என்று வைத்தால் 2,000 பேருக்கு 3,000 சதுரமீற்றர், அதாவது சுமார் 119 பேர்ச். வெள்ளவத்தையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஹங்வெல்லவில் யோசிக்கலாம். முழுப்பாரத்தையும் அதன் தலையில் போடாமல், வில்லைத் தொட்டிக்குப் பின்னால் கடைசி வடிகட்டலுக்கு வைத்தால் பரப்பும் குறையும், சரளை அடைபடுவதும் குறையும்.

எந்த முறையிலும் யாரும் சொல்லாத ஒரு சிக்கல்: ஈரவலயத் தண்ணீர் மென்மையானது, காரத்தன்மை குறைவு. ஒரு கிராம் அமோனியா நைதரசன் நைத்திரேற்றாக மாற ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகும். தீர்ந்ததும் பி.எச். விழும், அதாவது தண்ணீர் அமிலப் பக்கம் சாயும், அமோனியா அப்படியே வெளியே போகும், பழி புளோவருக்கு வரும். சுண்ணாம்பு போடலாம். காற்றில்லாத ஒரு பகுதியை முன்னால் ஒதுக்கி, சேற்றோடு தண்ணீரைத் திருப்பிவிட்டால் இழந்ததில் பாதிவரை மீளும்.

இனிக் கேள்விப்பத்திரம். பீலித் தொடுப்புகளைக் கண்டுபிடித்து வெட்டும் வேலையை அதில் முதல் உருப்படியாக எழுதுங்கள், அதற்குப் பிறகு அளந்த நீரோட்டத்தை வைத்து அளவு தீர்மானியுங்கள். இயந்திர விலையோடு பத்து வருட மின்கட்டணத்தையும் உதிரிப்பாகத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சேறு காயவைக்கும் பாத்திக்குக் கூரை போடும் செலவும் அதிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் மே மாதத்திலிருந்து சேறு காயாது, ஒவ்வொரு தடவையும் சேற்றை உறிஞ்சி ஏற்றும் கலி பவுசருக்குத்தான் காசு கொடுக்க வேண்டிவரும்.