சேலம் ரேபிட் செஸ் போட்டி: நடுவர்களுக்கு முழு மார்க், ஏற்பாட்டுக்குப் பாதிதான்

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ரேபிட் செஸ் போட்டி நடந்தது, மகளைக் கூட்டிப்போயிருந்தேன். நடத்தினவர்கள் பெயர் வேண்டாம், அடுத்த முறை சரிசெய்தால் போதும். ஒன்பதுக்கு முதல் சுற்று என்றார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிந்து கிளாக்கைத் தட்டும்போது பத்தரை, சின்னதுகளுக்கு அதற்குள் பசியே வந்துவிட்டது. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதைச் சொல்லாத பேச்சாளர் ஒருத்தரும் இல்லை.

ஆளுக்கு 10 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 விநாடி கூடுதல். கடைசிக்கு முந்தின சுற்றில் எதிரே ஒரு ஈரோட்டுப் பையன். ராணிகள் எப்போதோ வெட்டுப்பட்டு, ஆளுக்கு ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும்தான் மிச்சம். மகளின் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டதும், அதற்குப் பதிலாக வைக்க ராணியைத் தேடுகிறாள், காணோம். அது அந்தப் பையனின் இடது கைக்குள் இருக்கிறது. வெட்டின காயை உருட்டிக்கொண்டே யோசிப்பது அவன் பழக்கம், வேண்டுமென்று செய்யவில்லை. மேசையில் உபரி ராணியும் கிடையாது. கிளாக்கில் இருபது விநாடிகூட இல்லாத பதற்றத்தில், வெளியே கிடந்த யானையைத் தலைகீழாக நிறுத்தி "ராணி" என்று சொல்லிக் கிளாக்கைத் தட்டிவிட்டாள். பையன் உடனே கையைத் தூக்கினான்.

நடுவர் அம்மா வந்து, கிளாக்கை நிறுத்தி, பிள்ளைகள் உயரத்துக்குக் குனிந்து, யானையை நேராக நிமிர்த்தி வைத்தார். தலைகீழாக வைத்தாலும், வாயால் ராணி என்றாலும், அது யானைதான் கண்ணு என்றார். அதுதான் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் நடைமுறை, தீர்ப்பில் குறையே இல்லை. காய் கைக்குக் கிடைக்காவிட்டால் கிளாக்கை நிறுத்திவிட்டு நடுவரிடம் கேட்க விதியில் இடம் இருக்கிறது. இதைக் கோச்சிங் வகுப்பில் ஓப்பனிங் என்கிற தொடக்க நகர்த்தல்களுக்கு முன்னாலேயே சொல்லிக்கொடுக்கலாம். யானையை வைத்தே அவன் சிப்பாயைப் பிடித்து, நகர்த்தலுக்கு 5 விநாடி வருகிற தைரியத்தில் ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி மேட் போட்டாள் என்பது வேறு விஷயம். இன்க்ரிமெண்ட் என்கிற அந்தக் கூடுதல் விநாடி இல்லாத போட்டியாக இருந்தால், நேரம் தீர்ந்து கொடி விழுந்திருக்கும்.

இப்போது வருகிற பல செட்டுகளில் உபரி ராணி கூடவே வருகிறது. அதை மேசையில் எடுத்து வைக்க ஆள் இல்லை, பொன்னாடைக்கு இருந்தது.

மற்றபடி, எந்த போர்டில் யாரோடு என்ற விவரம் சுற்றுக்குச் சுற்று போனிலேயே வந்துவிட்டது, முண்டியடிக்க வேண்டியதில்லை. பெற்றோர் உட்கார வைத்த இடத்தில் மின்விசிறி ஓடவில்லை. மதியச் சாப்பாடு கடைசியில் போனவர்களுக்குத் தயிர்சாதம் மட்டும்தான், நான் வெளியே தட்டுவடை செட் வாங்கிச் சமாளித்தேன். அந்த நடுவர்களே வருவதாக இருந்தால் அடுத்த போட்டிக்கும் அனுப்புவேன், ஆனால் பத்து மணிக்கு மேல்தான் வீட்டை விட்டுக் கிளம்புவோம்.