பத்துக் கிலோ கேரண்டி என்றால், பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கோவையில் கல்யாணம், விசேஷம் என்று தேதி குறித்துக்கொண்டு உடம்பைக் குறைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'முப்பதே நாளில் பத்துக் கிலோ, கேரண்டி' என்று போர்டு வைத்த ஒரு ஸ்லிம்மிங் சென்டரில் 28,000 ரூபாய் கட்டினேன். இப்போது அதைத் திரும்ப வாங்க அலைகிறேன். புகார் கொடுத்திருப்பதால் சென்டரின் பெயர் வேண்டாம்.

முதலில் அந்த கேரண்டியைப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பது நாளுக்குப் பிரித்தால் தினம் 2,500-க்கு மேல். அதிகம் உடல் உழைப்பில்லாத 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாள் தேவையே 1,660 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). நான் 74 கிலோ, சரி, 1,900 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் மாதம் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து, அதற்கு மேல் தினம் அறுநூறு கலோரிக்கும் அதிகமாக ஓடினால்தான் அவர்கள் சொன்ன பத்துக் கிலோ வரும்!

அங்கே முதல் நாள் என்னை எடை பார்த்தது சாயங்காலம், டிபன் சாப்பிட்ட பிறகு, செருப்போடு. அடுத்த தடவை 'காலையில் வெறும் வயிற்றில் வாங்க மேடம்' என்றார்கள். ஒரு கிலோவுக்கு மேல் அதிலேயே குறைந்திருக்கும். அப்புறம் ஒரு மெஷினில் ஏற்றி, 'உங்க பாடி ஏஜ் ஐம்பத்திரண்டு' என்று பயமுறுத்தினார்கள். உடம்பில் லேசாக மின்சாரம் செலுத்திப் பார்க்கும் கருவி அது. நாம் தண்ணீர் குடித்திருப்பதைப் பொறுத்தே அதன் எண் மாறும்.

சாப்பாடு என்று கொடுத்தது காலையும் இரவும் ஒரு டம்ளர் பவுடர் கரைசல், மதியம் வேகவைத்த காயும் முட்டை வெள்ளைக்கருவும். கூட்டிப் பார்த்தால் 600 கலோரிதான் தேறும். எடை குறைக்கும்போதும் 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது, வாரம் அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பு என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். 800-க்குக் கீழே என்றால் டாக்டர் மேற்பார்வை கட்டாயம் வேண்டும். அங்கே டாக்டர் கோட் போட்டவர்கள் இருந்தார்கள், டாக்டர் இல்லை.

முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியதும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்கள். இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பு அதைச் சேமித்து வைத்திருக்கும் வடிவமான கிளைகோஜன் கரையும், ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து வெளியேறும். இடுப்பில் கட்டிவிட்ட சூடு பெல்ட்டும் வியர்வையைத்தான் எடுத்தது.

டிரெட்மில் கூத்து தனி. என் எடையை அதில் பதிவு செய்யவே இல்லை. கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நடந்தால் '620 கலோரி' என்று காட்டும். என் எடைக்கு வேகமாக நடந்தாலே மணிக்கு 250-லிருந்து 300-தான் செலவாகும். இரண்டு மெதுவடையும் ஒரு காபியும் அதைச் சமன் செய்துவிடும். அதை அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்? எடை நின்றுபோனதும், 'மெட்டபாலிசம் ஸ்லோ' என்று 3,200 ரூபாய்க்கு இன்னொரு டப்பா தலையில் கட்டினார்கள். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க உரிம எண் இல்லை.

மூன்றாவது வாரம் படியேறும்போது கண் இருட்டிவிட்டது. எங்கள் குடும்ப டாக்டர் சென்டர் கொடுத்த டயட் சார்ட்டைப் பார்த்துவிட்டுத் திட்டினார். இப்படிப் பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் கரையும், பித்தப்பையில் கல் வரலாம், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும் என்றார். கொட்டுகிறது. எடையும் திரும்ப வந்துவிட்டது. இப்போது அவர் சொன்னபடி தட்டில் 300 கலோரி குறைத்து, நடையில் 200 கூட்டுகிறேன். வாரம் அரைக் கிலோ கணக்கு. அந்த சென்டரில் இதைச் சொன்னால் ஒரு டப்பா விற்குமா?

பணத்தைக் கேட்டால், 'பில்லில் நான்-ரீஃபண்டபிள்னு இருக்கே மேடம்' என்கிறார்கள். கேரண்டி என்ற வார்த்தை பில்லில் இல்லை, போர்டிலும் வாட்ஸ்அப்பிலும்தான். நல்லவேளை, இரண்டையும் போட்டோவாக வைத்திருந்தேன். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். ஐந்து லட்சம் வரை புகார்க் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். அதே கதையில் மாட்டியவர்கள் பில், டயட் சார்ட், காலி டப்பா எதையும் தூக்கி எறியாதீர்கள். பணம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், ரசீது கேட்டு இப்போதே ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள்.