தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம்: கொடுக்கிற காசுக்கு மேலேயே கிடைக்கும்

தஞ்சாவூருக்குப் போகிற பாதிப் பேர் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, வாசலில் ஒரு தலையாட்டி பொம்மையை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் இருக்கிற நாமும் அப்படித்தான். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் அரண்மனையை "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

அரண்மனைக்குள் பார்க்கப் பல இடம் உண்டு. எந்த டிக்கெட்டில் எதெல்லாம் அடங்கும் என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் ஒரே டிக்கெட் என்று நினைத்து உள்ளே போகாதீர்கள். ஒன்றைத்தான் பார்ப்பேன் என்றால் யோசிக்கவே வேண்டாம், கலைக்கூடம். அங்கங்கே கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளுக்கு ஒரு இடம் வேண்டும் என்று 1951-ல் தொடங்கியது, நாயக்கர் கால தர்பார் மண்டபத்தில் இருக்கிறது.

உள்ளே போனதும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் வெண்கலச் சிலையைத் தேடுங்கள். காளை மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிற சிவன், ஆனால் காளை இல்லை. அது எங்கே போனதோ, கை மட்டும் காற்றில் ஊன்றி நிற்கிறது, இருந்தும் அந்த நிற்பில் ஒரு தளர்ச்சியும் தெரியாது. சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டியிருக்கும் அழகை முன்னால் மட்டும் பார்த்தால் போதாது, முடிந்தவரை பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். 1011-ல் செய்தது, அடுத்த வருஷமே அம்மனையும் செய்து பக்கத்தில் வைத்தார்கள், இரண்டையும் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. ராஜராஜன் காலம், பெரிய கோயில் முடிந்த கையோடு. பிறகு எப்போதோ மண்ணுக்குள் போய், 1950-களின் தொடக்கத்தில்தான் வெளியே வந்தது. அதே ஊர்க் கல்யாணசுந்தரரும் இங்கேதான். பார்வதியின் கையைப் பிடித்திருக்கிறார், அந்தப் பெண் வெட்கத்தில் தலையைச் சாய்த்திருக்கிறாள், நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் இப்படி ஒரு படம் அமைவதில்லை. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் மட்டும் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போய்விட்டார், அவரைப் பார்க்க ரயில் ஏற வேண்டும்.

தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தி, யானையை வதைத்த சிவன், கல்லில் செதுக்கியது. யானைத் தோலைக் கிழித்துப் பின்னால் விரித்து, உடம்பையே முறுக்கிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் பார்வதி பயந்து ஒதுங்குகிறாள். இதைப் பார்த்த பிறகு கோயில் சுவர் மாடங்களில் (கோஷ்டம்) இருக்கும் சிலைகளைச் சும்மா தாண்டிப் போக மனசு வராது.

பலகைகளில் அதிகம் எழுதியிருக்காது, பெயர், ஊர், நூற்றாண்டு, அவ்வளவுதான். வெளியூர்க்காரருக்கு இது குறை. நமக்கு அந்த ஊர்ப் பெயர்தான் சுவாரசியமே. டவுன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டிப் போகிற ஊரெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் எழுதியிருக்கும். அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் "இது நம்ம சித்தப்பா பொண்ணு எடுத்த ஊராச்சே" என்று ஆரம்பித்துவிடுவார்கள், கைடு தேவையே இல்லை. கிராமத்துக் கோயில் உற்சவர்கள் நிறையப் பேர் திருட்டுப் பயத்தில் திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்தில் பூட்டியிருக்கிற காலத்தில், இவர்களையாவது நேரில் நின்று பார்க்க முடிகிறது.

அடுத்து சரஸ்வதி மகால். ஓலைச்சுவடி ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு நூலகம், நமக்கு அதை ஒட்டிய சின்ன மியூசியம். நாயக்கர் காலத்தில் தொடங்கியதை, 1798 முதல் 1832 வரை இருந்த மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி பெருக்கினார். மனுஷன் எதைத்தான் சேர்க்கவில்லை! மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிடும் பிரெஞ்சு ஓவியங்கள் ஒரு பக்கம், சீனத் தண்டனைகளை வரைந்த படங்கள் இன்னொரு பக்கம். குழந்தைகள் இங்கேயிருந்து நகரமாட்டார்கள். பெரிய கோயில் சுவரில் தன் வம்ச வரலாற்றை மராத்தியில் நீளமாக வெட்டி வைத்தவரும் இவர்தான், காலையில் அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ஆள் யாரென்று பிடிபடும்.

மராத்தா தர்பார் ஒரு சுற்று சுற்றினால் போதும். தரங்கம்பாடியில் கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் அரண்மனையில் உண்டு, அரண்மனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

செலவைப் பற்றி. பாசஞ்சர் ரயில்தான் மலிவு. பஸ்ஸில் வந்து புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஆட்டோக்காரர்கள் சொல்லும் தொகையைக் கேட்டு மிரள வேண்டாம், பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் போய்க்கொண்டே இருக்கும், சாதாரணக் கட்டண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, மதியம் சன்னதியும் சாத்திவிடுவார்கள். கோயில் முடித்து இட்லி சாப்பிட்டு அரண்மனை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அரண்மனைக்குள்ளும் சில பகுதிகளை மதியம் அடைப்பார்கள், அதனால் கலைக்கூடத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் ஓட்டல் செலவும் மிச்சம்.

நாலு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டால் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று கடைத்தெருவில் அலையாமல் திருவையாறு பஸ்ஸைப் பிடியுங்கள், அசோகா அல்வா சூடாகக் கிடைக்கும்.