கிளவுட் பட்டியலை வகை பிரிக்க மூன்று ஆயத்த முறைகள்: எது தேறுகிறது, எது தேறவில்லை

ஒரு நிறுவனத்தின் கிளவுட் சேவைப் பட்டியல் நூறு வரியைத் தாண்டியதும் அதை வகை பிரிக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். அப்போது கைக்கு எட்டுகிற ஆயத்த வகைப்பாடுகள் மூன்று: அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறை, கிளவுட் செலவு நிர்வாகத்துக்கான ஃபின்ஆப்ஸ் அறக்கட்டளையின் ஃபோகஸ் என்ற பில் வடிவம், திறந்த மூல கிளவுட் திட்டங்களைப் பராமரிக்கும் சி.என்.சி.எஃப் அமைப்பு வைத்திருக்கும் லேண்ட்ஸ்கேப் படம். மூன்றுமே இலவசம். எதையும் அப்படியே எடுத்து ஒட்டினால் பட்டியல் கெட்டுப்போகும். ஆனாலும் முதல் இரண்டில் உருப்படியான சரக்கு இருக்கிறது.

நிஸ்டில் தொடங்கலாம். ஐயாஸ் (வெறும் சர்வர் வாடகை), பாஸ் (அப்ளிகேஷனை ஏற்றும் தளம்), சாஸ் (ஆயத்த மென்பொருள்) என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு நிலையான எல்லை போட்டது இந்த ஆவணம்தான். அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எது யார் கட்டுப்பாட்டில்? ஐயாஸ் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்குபவர் பொறுப்பு. பாஸ் என்றால் அவர் ஏற்றும் அப்ளிகேஷனும் அது ஓடும் சூழலின் சில செட்டிங்குகளும். சாஸ் என்றால் பயனர் அளவிலான செட்டிங் தவிர வேறெதுவும் இல்லை. பாதுகாப்புத் தணிக்கைக்கு இந்தக் கேள்வி இன்றைக்கும் சரியான கேள்வி.

விடையை மூன்றே பெட்டிக்குள் அடைப்பதில்தான் சிக்கல். அப்ளிகேஷனை ஏற்றி ஓட்டித்தரும் அமேசானின் எலாஸ்டிக் பீன்ஸ்டாக்கை எல்லோரும் பாஸ் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் அதற்குக் கீழே ஓடுவது உங்கள் கணக்கிலேயே இருக்கும் இசி2 என்ற வாடகை சர்வர்கள். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போட்டு உள்ளே போகலாம். புதிய பிளாட்ஃபார்ம் பதிப்பை அமேசான் வெளியிடும், அவ்வளவுதான். மேனேஜ்டு அப்டேட் செட்டிங்கைத் திறந்து வைக்காவிட்டால் பழைய லினக்ஸ் அப்படியே கிடக்கும். பட்டியலில் 'பாஸ்' என்று படித்த தணிக்கையாளர், பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடுவது அமேசானின் வேலை என்று டிக் அடித்துவிட்டுப் போவார். ஓட்டை விழுவது அங்கேதான். புரோகிராமை மட்டும் வாங்கி ஓட்டித்தரும் அமேசானின் லாம்டாவும் அதே பாஸ் பெட்டியில்தான் போய் உட்காரும். அங்கே ஆபரேட்டிங் சிஸ்டத்தை நீங்கள் தொடவே முடியாது. ஒரே பெட்டி, நேரெதிர் பொறுப்பு.

ஆகவே பெட்டியின் பெயரை எழுதாமல், 'பேட்ச் யார் போடுவது' என்று ஒரு பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) வைத்து மூன்று விடைகளை மட்டும் அனுமதியுங்கள்: 'நாம்', 'அவர்கள்', 'அவர்கள் வெளியிடுவார்கள், நாம் ஏற்ற வேண்டும்'. மூன்றாவது விடைதான் பணத்தையும் தூக்கத்தையும் தின்கிறது. அமேசான் நடத்தித்தரும் குபர்நெட்டீஸ் (கண்டெய்னர்களை, அதாவது பொட்டலமாகக் கட்டிய அப்ளிகேஷன்களை, நிர்வகிக்கும் மென்பொருள்) சேவையான இகேஎஸ் நல்ல உதாரணம். ஒரு குபர்நெட்டீஸ் பதிப்புக்கு அங்கே வழக்கமான ஆதரவு 14 மாதம். அதற்குள் மேம்படுத்தாவிட்டால் கிளஸ்டருக்கு (சர்வர் தொகுப்புக்கு) மணிக்கு 0.10 டாலராக இருந்த கட்டணம் 0.60 டாலர் ஆகிவிடும். 'மேனேஜ்டு குபர்நெட்டீஸ்' என்ற வகைப்பெயரில் இந்த ஆறு மடங்கு எங்கேயும் தெரியாது.

இரண்டாவது பத்தி, நிஸ்ட் கேட்காத கேள்வி: யாரும் பயன்படுத்தாத இரவில் மீட்டர் ஓடுமா? 'சர்வர்லெஸ்' (சர்வரை நாம் கவனிக்க வேண்டாத சேவை) என்று எழுதிவிட்டால் விடை கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். லாம்டா போலவே இயங்கும் மைக்ரோசாஃப்டின் அஸூர் ஃபங்ஷன்ஸைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். கன்சம்ப்ஷன் பிளானில் போட்டால் அழைப்பு வந்தால்தான் கட்டணம்; ஒரு ஓட்டம் அதிகபட்சம் 10 நிமிடம். பிரீமியம் பிளானில் குறைந்தது ஒரு இன்ஸ்டன்ஸ் (ஓடும் சர்வர் பிரதி) எப்போதும் விழித்திருக்கும், அதற்கு எப்போதும் காசு. டெடிகேட்டடு என்றால் வலைத்தளங்களுக்கான ஆப் சர்வீஸ் பிளானிலேயே ஓடும்; அங்கே ஆப்பை நிறுத்தினாலும் பிளானுக்கான பில் நிற்காது, பிளானையே நீக்க வேண்டும் அல்லது இலவச அடுக்குக்கு இறக்க வேண்டும். புதிதாக வந்த ஃப்ளெக்ஸ் கன்சம்ப்ஷனில் இன்னும் வேடிக்கை: 'ஆல்வேஸ் ரெடி' (எப்போதும் விழித்திருக்கும் இன்ஸ்டன்ஸ்) எண்ணை 0 என்று வைத்தால் ஒரு வகை, 1 என்று மாற்றினால் வேறு வகை. பொருள் ஒன்றே, பெயரும் ஒன்றே. வகையைத் தீர்மானிப்பது பிளான், சில சமயம் ஒரே ஒரு செட்டிங். பட்டியலின் ஒரு வரி என்பது சேவையின் பெயராக இருக்கக் கூடாது, சேவையும் பிளானும் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

டேட்டாபேஸ் பக்கமும் இதே கதைதான். அமேசானின் அரோரா சர்வர்லெஸ் டேட்டாபேஸின் இரண்டாம் பதிப்பு 2024 நவம்பர் வரை 0.5 ஏசியூ என்ற திறன் அளவுக்குக் கீழே இறங்காது. இப்போது 0 வரை இறங்கும். ஆனால் குறைந்தபட்ச அளவை 0 என்று வைத்தும் இறங்கவில்லை என்ற புகார் வந்தால், முதலில் அப்ளிகேஷன் திறந்தே வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பான கனெக்‌ஷன் பூலைப் பாருங்கள். ஒரு இணைப்பு திறந்திருந்தாலும் அது தூங்காது. இடையில் நின்று இணைப்புகளைப் பிடித்து வைக்கும் ஆர்டிஎஸ் பிராக்ஸி மாட்டியிருந்தாலும் தூங்காது. அமேசானின் சாதாரண டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸை நிறுத்தி வைக்கலாம், ஆனால் 7 நாளில் தானே எழுந்துவிடும். நிறுத்தியிருக்கும்போதும் ஸ்டோரேஜுக்குக் காசு உண்டு. அஸூரில் விர்ச்சுவல் மெஷினை விண்டோஸுக்குள்ளிருந்தே ஷட்டவுன் செய்தால் பில் நிற்காது. போர்ட்டலில் 'டீஅலொகேட்டட்' என்று காட்ட வேண்டும். எனவே இந்தப் பத்திக்கு ஆம், இல்லை போதாது. 'முழுதும் ஓடும்', 'ஸ்டோரேஜ் மட்டும் ஓடும்', 'ஓடாது' என்று மூன்று விடை வையுங்கள்.

இப்போது ஃபோகஸ். 2024 ஜூனில் 1.0 பதிப்பு வந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் பில்லை ஒரே பத்திப் பெயர்களில் கொண்டுவருவது இதன் வேலை, அதைச் செவ்வனே செய்கிறது. சர்வீஸ் கேட்டகரி என்ற பத்தியில் கம்ப்யூட், ஸ்டோரேஜ், டேட்டாபேஸ், நெட்வொர்க்கிங் என்று மூடிய பட்டியல். ஆளுக்கொரு பெயர் இட முடியாது. நிதிப் பிரிவுக்கு அறிக்கை போட நாமே வகை கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். குறை என்னவென்றால், ஒரு சேவைக்கு ஒரே வகைதான் என்பது விதி. இரண்டு வேலை செய்யும் சேவை, முக்கிய வேலை எதுவோ அங்கே போய்விடும். மற்ற வேலை கண்ணுக்குத் தெரியாது.

சேவைப் பெயரை வைத்துப் பிரிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமேசானின் செலவு பார்க்கும் திரையான காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் வரும் 'இசி2 அதர்' என்ற வரியே போதும். ஈபிஎஸ் டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்), நாட் கேட்வே (உள் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வாசல்), டேட்டா டிரான்ஸ்ஃபர் எல்லாம் அந்த ஒரு மூட்டையில் கிடக்கும். அதைக் கம்ப்யூட் என்று எழுதினால் நெட்வொர்க் செலவு காணாமல் போகும். அவிழ்க்கும் வழி எளிது: அந்தச் சேவைக்கு ஃபில்டர் போட்டு, குரூப் பை என்பதை யூசேஜ் டைப்புக்கு மாற்றுங்கள். 'ஏபிஎஸ்3-நாட்கேட்வே-பைட்ஸ்' போன்ற வரிகள் வரும். ஏபிஎஸ்3 என்றால் மும்பை. ஏபிஎஸ்1 சிங்கப்பூர், இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நாட்கேட்வே என்று வருவதையும் டேட்டா டிரான்ஸ்ஃபரையும் நெட்வொர்க்குக்கும், ஈபிஎஸ் என்று வருவதை ஸ்டோரேஜுக்கும் அனுப்புங்கள்.

சி.என்.சி.எஃப் லேண்ட்ஸ்கேப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்டெய்னர் உலகில் எந்தெந்தக் கருவி இருக்கிறது என்று தேட நல்ல இடம். குபர்நெட்டீஸ் போன்ற திட்டமும், அதை விற்கும் கம்பெனியின் பொருளும் அருகருகே லோகோவாக நிற்பதால், நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சேவைகளைப் பிரிக்க இது உதவாது. சுவரில் ஒட்ட அழகாக இருக்கும்.

கம்பெனிகளை வகை பிரிப்பதில் ஃபோகஸ் 1.0 மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது. 'வெண்டர்' என்ற ஒற்றைப் பத்திக்குப் பதிலாக மூன்று: தயாரித்தவர், கிடைக்கச் செய்தவர், இன்வாய்ஸ் கொடுப்பவர். மோங்கோடிபி அட்லஸ் என்ற டேட்டாபேஸ் சேவையை அமேசான் மார்க்கெட்பிளேஸில் வாங்கினால் தயாரித்தவர் மோங்கோடிபி, இன்வாய்ஸ் வேறு இடத்திலிருந்து. ஒற்றைப் பத்தி வைத்திருந்தால் அமேசான் செலவு என்றும் மோங்கோடிபி செலவு என்றும் இரண்டு தடவை எண்ணப்படும், அல்லது ஒரு தடவையும் எண்ணப்படாது. ஸ்னோஃப்ளேக் (தரவு அலசும் சேவை) போன்றவற்றுக்கு, 1.0 பதிப்பில் இல்லாத நான்காவது பத்தி ஒன்றை நீங்களே சேர்க்க வேண்டும்: எந்த கிளவுட்டின் மேல் ஓடுகிறது. அமேசான், அஸூர், கூகுள் மூன்றில் எதை வேண்டுமானாலும் வாங்குபவர் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்திய அரசுத் துறைகளுக்கு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வகைப்பாடும் கட்டாயம். மத்திய மின்னணுவியல் அமைச்சகத்தின் அங்கீகாரம் பப்ளிக், விர்ச்சுவல் பிரைவேட் (பொதுத் தளத்துக்குள் தனியாகப் பிரித்தது), அரசு சமூக கிளவுட் (அரசுத் துறைகளுக்கு மட்டும்) என்ற மாதிரிகளின் அடிப்படையில் தரப்படுகிறது. கம்பெனி பெயருக்கு எதிரே 'அங்கீகாரம் உண்டு' என்று எழுதி நிறுத்தாமல், எந்த டேட்டா சென்டருக்கு, எந்த மாதிரிக்கு, எந்தத் தேதி வரை என்று மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். டெண்டரில் கேட்பது அதைத்தான்.