கார்மின் சூமோ எக்ஸ்டி: மழைக்கும் காட்டுக்கும் சரி, டோலுக்குத்தான் தகராறு

கார்மின் சூமோ எக்ஸ்டி, மோட்டார் சைக்கிளில் மாட்டி வழி பார்க்கும் ஜிபிஎஸ் கருவி. கோலாலம்பூருக்குள் வேலைக்குப் போய் வருகிறவருக்குக் கைத்தொலைபேசியின் வேஸ் வழிகாட்டிச் செயலி போதும், இந்தக் கருவிக்குப் பணம் போட வேண்டியதில்லை. கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, தாய்லாந்து மலைப்பாதை என்று கிளம்புகிறவர்களின் கணக்கு வேறு. தொடர்பு அறுந்த இடத்தில் பாதை மாறிவிட்டால், வரைபடம் இறக்கி வைக்காத கைத்தொலைபேசி புதுப் பாதை போட்டுத் தராது. நண்பகல் வெயிலில் அது சூடேறித் திரையை மங்கலாக்கிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது.

2020இல் வந்த சூமோ எக்ஸ்டிக்கு 5.5 அங்குலத் திரை, 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம். உச்சி வெயிலிலும் ஹெல்மெட் கண்ணாடி வழியே எழுத்து தெரிகிறது. கையுறையோடு தொட்டாலும் கேட்கும். நீர்காப்பு ஐபிஎக்ஸ்7 தரம், அதாவது சிறிது நேரம் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதால் நம்மூர் மழையைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பெருந்துளிகள் விடாமல் விழும்போது அவற்றையே விரலாக எண்ணி வரைபடம் தானாக நகரும். மழைக்கு முன்பே பாதையைத் தொடங்கிவிட்டுத் திரையில் கை வைக்காமல் ஓட்டுவதுதான் வழி.

மின் இணைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கருவியை வண்டியில் மாட்டும் தாங்கியோடு வரும் கேபிளின் முனையில் இரண்டு வெற்றுக் கம்பிகள்தான் இருக்கும். அவற்றை நேரே பேட்டரியில் மாட்டினால், வண்டி நிற்கும் நாள்களிலும் தாங்கி கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியில், ஃபியூஸ் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். ஹேண்டில் திரும்பும் தலைப்பகுதியைக் கம்பி கடக்கும் இடத்தில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே கட்ட வேண்டும். இழுபட்டால் உள்ளே கம்பி முறியும், வெளியே உறை நன்றாகவே இருக்கும். தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. தாங்கியில் இருக்கும் சின்னச் சின்னத் தொடுமுனைகளில் மழைநீரும் உப்புக்காற்றும் படிந்தால், ஓடும்போதே மின்சாரம் விட்டு விட்டு வரும். கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சரியாகும். வெளி மின்சாரம் இல்லாமல் பேட்டரி 6 மணி நேரம் வரை தாங்கும். வெளிச்சத்தை முழுதாக வைத்தால் மூன்றரை மணி நேரம்தான்.

இப்போது டோல் விஷயம். பிளஸ் என்னும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. பினாங்குப் பாலங்கள் இரண்டிலும் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து இல்லை. இதெல்லாம் கருவிக்குத் தெரியாது. காசு மிச்சம் என்று நினைத்து ‘டோலைத் தவிர்’ என்று வைத்தால், கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு தஞ்சோங் மாலிம், தாப்பா, கம்பார் என்று ஊர் ஊராகச் சுற்ற வைக்கும். அதை அனுமதிப்பதாக மாற்றுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறுவதென்றால் ஃபெரித் தடையையும் நீக்க வேண்டும், இல்லையென்றால் பாலத்துக்கே இழுக்கும். மோட்டார் நுழையக் கூடாத ஸ்மார்ட் சுரங்கத்தை எந்தக் கருவி காட்டினாலும் நம்பாதீர்கள். ஃபெடரல் ஹைவேயின் மோட்டார் பாதையில் குரல் சொல்வதைக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். சில மீட்டர் தள்ளி ஓடும் கார் சாலையில் நாம் போவதாகவே அது எண்ணிக்கொள்கிறது, மோட்டார் பாதையின் வெளியேறும் வழிகளோ வேறு. அங்கே அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் போவதே மேல்.

நண்பர் அனுப்பிய ஜிபிஎக்ஸ் கோப்பை (பயணப் பாதையைச் சேமிக்கும் கோப்பு) போட்டால் ‘ரூட்’, ‘டிராக்’ என்று இரண்டு வகை வரும். டிராக் வெறும் கோடு, அதைக் கருவி மாற்றாது. ரூட் அப்படியல்ல. புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தன் அமைப்புகளின்படி இடைவெளியைத் தானே நிரப்பும். அதனால்தான் ஒரே கோப்பு இரண்டு வண்டிகளில் இரண்டு பாதையாகிறது. இரண்டு பேரும் தவிர்ப்புப் பட்டியலை ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். ரூட்டில் நின்று போகும் இடங்களை மட்டும் ‘வியா’ புள்ளியாக வையுங்கள், மற்றவை, பாதை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் காட்டும் ‘ஷேப்பிங்’ புள்ளிகளாக இருக்கட்டும். வியா புள்ளியைத் தொடாமல் கடந்தால், திரும்பி வா என்று கருவி விடாமல் நச்சரிக்கும். அதற்கு ‘ஸ்கிப்’ பொத்தானைத் திரையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். புள்ளி வைக்கும்போது வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்குவது முக்கியம். நடுவில் தடுப்புள்ள சாலையில் புள்ளி எதிர்ப்பக்கம் விழுந்தால், பத்து கிலோமீட்டர் தள்ளி யூ-டர்ன் எடுத்து வரச் சொல்லும். பாதை தவறினால் மறுகணக்கீட்டைத் தானாகச் செய்யாமல் கேட்டுச் செய்யும்படி வைப்பதே கம்பத்து மண் சாலைகளுக்கு ஏற்றது. இந்த விவகாரமெல்லாம் பழகச் சில வாரம் பிடிக்கும். இவ்வளவு விலைக்கு விற்கும் கருவியில் மென்பொருள் இப்படிப் படுத்தக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வரைபடப் பட்டியல். ஐரோப்பாவுக்கான கருவியில் மலேசியச் சாலைகள் இருக்காது. பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து செய்த இலவச வரைபடத்தை மைக்ரோ எஸ்டி அட்டையில் ‘கார்மின்’ என்ற கோப்புறைக்குள் போட்டால் வேலை நடக்கும். ஆனால் ஒரே பகுதிக்கு இரண்டு வரைபடங்களை ஓடவிட்டால் ஒன்றை ஒன்று மறைக்கும், ஒன்றை நிறுத்தி வைக்க வேண்டும்.

2023இல் வந்த எக்ஸ்டி2 கருவிக்கு 6 அங்குலத் திரை, யூஎஸ்பி-சி. பழையதில் இருப்பது மினி யூஎஸ்பி, அதன் கேபிளை இப்போது கடையில் தேட வேண்டியிருக்கிறது. பெரிய திரைக்காக மட்டும் பழையதை விற்று மாறுவது வீண். பழைய எக்ஸ்டியை இரண்டாம் கையாக வாங்குகிறீர்களா? பின்பக்கத் தொடுமுனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, யூஎஸ்பி துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். தாங்கியில் மாட்டியவுடன் சார்ஜ் குறி வருகிறதா என்பதையும் விற்பவரின் வண்டியிலேயே சாவி போட்டுப் பார்த்துவிடுங்கள். தாங்கிக்குப் பூட்டு கிடையாது. மாமாக் கடையில் தே தாரிக் குடிக்க உட்காரும்போது கருவியைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.